கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற வைரம்

என் நிச்சயதார்த்த மோதிரம் வாங்கிய கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். அம்மா சொன்னால் அதில் ஜெயித்தது அம்மா. என் மனைவி சொன்னால் ஜெயித்தது என் மனைவி. நைனாவைக் கேட்டால், "அத்த வுடு, டீ சோக்கா கொடுத்தாங்க அந்தக் கடைல" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவன் என்கிற முறையில் நான் சொல்வதுதான் ஓரளவு நம்பத் தகுந்தது.

எங்கள் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து மார்க்கெட்டில் மீன் விற்பவள். நைனா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்கிற சொல்லுக்கு அவரை விடப் பொருத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் தூங்குவார், எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து பேசுவார். நான் எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர். கப்பலில் இருந்து இறங்கும் இரும்புப் பெட்டிகளில் எங்கே நசுங்கல், எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் பார்க்கிற பொருள்களில் ரொம்பச் சின்னதே இருபது அடி. கையளவு நசுங்கலை எல்லாம் எங்கள் யார்டில் யாரும் நசுங்கல் என்று மதிப்பதில்லை.

எனக்குப் பார்த்த பெண் எர்ணாவூர்க்காரி. வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. முடியில் பாதி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் அந்தப் பாகத்தை எடுத்து சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவாள். இருபது அடிக்காரனும் அரை முடிக்காரியும் குடும்பம் நடத்த முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. ஜெபமாலை சபையில் இருக்கும் ஓர் அம்மாள் இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டார்.

நிச்சயதார்த்தம் எங்கள் கோயிலில், மோதிரம் மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்று முடிவான அன்று இரவு சாப்பிடும்போது அம்மா அறிவித்தாள்.

"மோதிரம் வைரத்துல தான் போடணும். அதுவும் கோயில்ல கடைசி பெஞ்சுல குந்திகினு கீறவனுக்கும் தெரியணும்."

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் என் சித்தப்பா மகனுக்கு நிச்சயதார்த்தம். ஃபாதர் மைக்கில் "வைர மோதிரம்" என்று அறிவித்தார். கடைசி பெஞ்சில் இடம் கிடைத்திருந்த அம்மா கழுத்தை நீட்டி, எழுந்து நின்று, முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்து அழுத்தி, "கல்லு எங்கடா, கல்லு எங்கடா" என்று என்னைப் பிடுங்கி எடுத்தாள். கடைசியில் பெண்ணின் காதில் இருந்த தோட்டைப் பார்த்து, "தோ மின்னுது" என்று உட்கார்ந்துவிட்டாள். மின்னியது மோதிரம் இல்லை, தோடு என்று தெரிந்த பிறகு, தன்னையே யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு வாரம் புலம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் நான்கு பேரும், அதாவது அம்மா, நைனா, நான், எர்ணாவூர்க்காரி, சவுகார்பேட்டைப் பக்கம் ஒரு நகைக்கடைக்குப் போனோம். விற்பனைக்காரர் சன்னமான மீசை வைத்தவர். என்ன நடந்தாலும் கோபப்படுவதில்லை என்று காலையிலேயே சபதம் எடுத்துக்கொண்டு வந்தவர் போல இருந்தார். எங்களிடம் இருந்த தொகையைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

"இந்த அமவுன்டுக்கு நல்ல குவாலிட்டில முப்பது சென்ட் வரும்மா" என்றார்.

அதுவரை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த நைனா கண்ணைத் திறந்தார்.

"முப்பது சென்ட்டா? எங்க, மீஞ்சூர் தாண்டியா?"

"வைரம் சார்."

"வைரம் சரிப்பா. எடம் எங்க கீது?"

நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு கேரட் என்று விற்பனைக்காரர் பொறுமையாக விளக்கினார். எர்ணாவூரில் இரண்டு சென்ட் வாங்க வழியில்லாமல் இருக்கும்போது, முப்பது சென்ட்டை விரலில் போட்டுக்கொள்ளலாம் என்பதை நைனாவால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. டீ வந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

விற்பனைக்காரர் கறுப்பு வெல்வெட் தட்டில் ஒரு கல்லை வைத்தார். "இது வி.வி.எஸ்."

அம்மா என் காதருகே வந்தாள். "அவரு யாருடா? ஓனரா?"

"கல்லோட தரம் மா. உள்ள குறையே இல்லன்னு அர்த்தம்."

அம்மா தட்டின் மேல் குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். "உள்ள இன்னா இல்லன்றது அப்பறம். மொதல்ல கல்லு எங்க?"

"இதோ இருக்கும்மா."

"இதுவா? யாராவது தும்மினா இன்னா பண்றது?"

விற்பனைக்காரர் சிரிக்கவில்லை. "பெருசா வேணும்னா இதே அமவுன்டுக்கு ஐம்பது சென்ட் தரலாம்மா. ஆனா எஸ்.ஐ. தான் வரும்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எஸ்.ஐ. இன்னாத்துக்கு வரணும்? நாங்க பில்லு போட்டு தானே வாங்கறோம்? இன்னா திருட்டு மாலா இது?"

எஸ்.ஐ. என்பதும் தரத்தைக் குறிக்கும் எழுத்துதான், லென்ஸில் பார்த்தால் சின்னச் சின்னக் குறை தெரியும் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்த ஐந்து நிமிடம் ஆனது. ஐம்பது சென்ட் கல் வெளியே வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "தா பாரு, இது கல்லு! இதுக்கு மேல இன்ஸ்பெக்டர் கல்லு எதனா கீதா?"

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த அவள் அப்போதுதான் கைப்பையைத் திறந்தாள். சொந்த லென்ஸ் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்தாள். நகைக்கடைக்கு லென்ஸ் கொண்டு வந்த கல்யாணப் பெண்ணை அந்தக் கடையில் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்து கவுன்ட்டர்காரரும் வந்து நின்றார்.

"இங்க ஒரு கறுப்புப் புள்ளி. இங்க வெள்ளையா ஒரு கீத்து. இந்த ஓரத்துல மேகம் மாதிரி." லென்ஸை இறக்கினாள். "ரிஜெக்ட்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "சாரி. பழக்கத்துல வந்துடுச்சு."

"மீன் வாங்க வர்றவ மொதல்ல சைஸ் தாம்மா பாப்பா" என்றாள் அம்மா.

"செவுள் பாக்க மாட்டாங்களா அத்தை?"

செவுளைப் பார்க்காமல் மீன் வாங்குகிறவளை அம்மா மனுஷியாகவே மதிக்க மாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தன் ஆயுதத்தையே எடுத்துத் தன்னை அடித்துவிட்டார்கள் என்கிற திகைப்பில் நைனாவின் டீயை எடுத்துக் குடித்தாள்.

கல்யாணப் பெண்ணின் கைப்பையில் இருந்து அடுத்து அளவுகோல் ஒன்று வந்தது. தொழிற்சாலையில் பாகங்களின் குறுக்களவு பார்க்கிற கருவி. இரண்டு கல்லையும் விற்பனைக்காரரே அளந்து காட்டினார்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல" என்றாள்.

"அவ்ளோதானா?" என்றேன் நான்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். முக்கால் மில்லிமீட்டரை எப்படி "அவ்வளவுதானா" என்று சொல்லலாம் என்று அவளுக்குக் கோபம். முக்கால் மில்லிமீட்டர் பெரிசாகக் கிடைக்கும்போது அதை எப்படி விடலாம் என்று அம்மாவுக்குக் கோபம். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் நான் ஒரு மண்டு என்பதுதான். அன்றைக்கு எதுவும் வாங்காமல் திரும்பினோம். நைனா மட்டும் விற்பனைக்காரரின் கையைக் குலுக்கி, டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அவளை நான் பைக்கில் எர்ணாவூரில் கொண்டுபோய் விட்டேன். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வழக்கம் போலக் கண்ணுக்கு எட்டின தூரம் வரை நின்றுகொண்டிருந்தன. புழுதியில் இரண்டு பேரும் ஒரே நிறமாகிவிட்டோம். திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அவள் டீ கிளாஸைக் குடிப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னை எப்டி பாஸ் பண்ணீங்க?" என்று கேட்டேன். அப்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் நீங்கதான்.

"இன்னும் பண்ணல. சாம்பிள் தானே பாத்திருக்கேன்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எட்டு மணி நேரம் குறையைத் தேடற கண்ணு இது. வீட்டுக்கு வந்தாலும் நிக்காது. தோசையைக்கூட திருப்பிப் பாக்கறேன். கையிலேயே ஒரு குறையை மாட்டிவிட்டீங்கன்னா, வாழ்க்கை பூரா நான் அதையே பாத்துட்டு இருப்பேன். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. பாத்தா மனசு அடங்கணும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினால் அதுவும் நியாயமாகப் பட்டது. "நானு வருஷம் பூரா தலைல கூடை வெச்சிகினு போனவ. என் புள்ள பொண்டாட்டி கையில மின்னறத நாலு பேரு எட்டயிருந்து பாத்து, யம்மாடின்னு சொல்லணும். கிட்ட வந்து லென்ஸு வெச்சிப் பாத்து, ஆமா குறையில்லன்னு எவ சொல்லப் போறா?" என்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நியாயமாகவே பட்டதுதான் என் பேஜாரு.

இரண்டு நாள் கழித்து அம்மா தனியாகப் பஸ் ஏறி எர்ணாவூருக்குப் போனாள். பெண்ணின் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சை மட்டும் ஊரிலேயே வைத்திருப்பவர். அம்மா அவரிடம் டைமண்ட் கல்கண்டு கால் கிலோ கேட்டாள். பொடியாகவும் பெரிதாகவும் கலந்து வேண்டும் என்றாள்.

"வைரம் எடுக்கப் போறோம்னு சொன்னீய, கல்கண்டு வாங்குதீயளே!" என்று அவர் குழம்பிப்போய், காசும் வாங்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் பண நெருக்கடியோ என்று அன்று இரவு மகளிடம் கவலையாகக் கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கோயில் காலியானதும் அம்மா என்னையும் நைனாவையும் நிறுத்திவைத்தாள். கைப்பையில் இருந்து கல்கண்டையும் மைதாப் பசையையும் எடுத்தாள். இடது கையின் ஐந்து விரலிலும் அளவு வாரியாக ஐந்து கல்கண்டை ஒட்டிக்கொண்டாள். சுண்டுவிரலில் கடுகளவு, கட்டைவிரலில் புளியங்கொட்டை அளவு. பீடத்துக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கினாள்.

"கடைசி பெஞ்சுக்குப் போடா!"

போனேன்.

"எது தெரியுது?"

"ஒண்ணும் தெரியலமா!"

"கட்டை வெரலு?"

"வெரலு தெரியுது!"

அவள் கையை இன்னும் உயர்த்தினாள். மேலே ஜன்னல் வழியாக வெயில் விழுகிற இடத்தைத் தேடி ஓரடி இடதுபக்கம் நகர்ந்தாள். இரண்டு கையையும் தூக்கி, தலையை அண்ணாந்து, மெல்ல அசைந்தாள். அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாகப் பங்கு ஃபாதர் உள்ளே வந்தார்.

அவர் நின்றுவிட்டார். காலியான கோயிலில், பீடத்துக்கு முன்னால், கைகளை உயர்த்தி ஒரு பெண் நிற்கிறாள். கடைசி பெஞ்சில் மகன். நடு பெஞ்சில் தலை குனிந்திருக்கும் கணவன். (நைனா தூங்கிக்கொண்டிருந்தார்.) ஃபாதர் சத்தமில்லாமல் மண்டியிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி எங்களுக்காக வேண்டினார். பிறகு எழுந்து அம்மாவிடம் போய், மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"

அம்மாவுக்குப் பீடத்துக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை. கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இல்ல ஃபாதர். இதுல எது எடுப்பா கீது, நீங்களே சொல்லுங்க."

ஃபாதர் ஐந்து விரலையும் பார்த்தார். முழுக் கதையையும் நான்தான் ஓடி வந்து சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடுவிரலில் இருப்பது லட்சணமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். உள்ளேயிருந்து நீண்ட நேரம் இருமல் சத்தம் கேட்டது. அது இருமல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அதற்குள் வியர்வையில் கல்கண்டு கரைந்து அம்மாவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வீட்டுக்கு வரும் வழியில் மோதிர விரலை நக்கியபடியே சொன்னாள்: "புளியங்கொட்ட சைஸே தெரியலன்னா, நம்ம வாங்கறது எந்த மூலைக்கு?" சோதனை அவளுக்கு எதிராகத்தான் முடிந்தது. ஆனால் அவள் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சு ரொம்பத் தூரத்தில் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. மறுபடியும் அதே கடைக்குப் போனோம். விற்பனைக்காரர் நைனாவைப் பார்த்ததும் கேட்காமலே டீ சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது காட்டுங்கள் என்று நான் கெஞ்சினேன். நாற்பது சென்ட் சுமாருக்கு ஒரு தட்டு நிறையக் கற்கள் வந்தன.

அவள் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேண்டாம், வேண்டாம், இதுவும் வேண்டாம். அம்மா ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டாள். ஒரு கல்லில் மட்டும் அவள் கொஞ்சம் நின்றாள். திருப்பினாள். மறுபடியும் பார்த்தாள்.

"இது சுத்தமா இருக்கு. ஒரே ஒரு குறைதான். ஆனா நட்டநடுவுல இருக்கு. விநோதமா ஒரு வடிவம்."

"நானு பாக்கறேன் குடு" என்றாள் அம்மா.

லென்ஸைக் கொடுத்த பிறகுதான் ஒரு பெரிய சிக்கல் வெளியே வந்தது. அம்மாவுக்கு ஒற்றைக் கண்ணை மூட வராது. ஒரு கண்ணை மூடினால் மற்றதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். "இருட்டா கீது" என்றாள். விற்பனைக்காரர் விளக்கைத் திருப்பினார். "இப்பவும் இருட்டா கீது." கடைசியில் நைனா எழுந்து வந்து, தன் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணைப் பொத்தினார். கல்யாணமான நாளில் இருந்து அவர் தனக்காக எழுந்து வந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று அம்மா பிறகு சொல்லிக் காட்டினாள்.

அம்மா கல்லில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். பிறகு கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

"ஐய! மீனுடா!"

"என்ன அத்தை?"

"மீனு! உள்ள மீனு கீது! தோ தலை, தோ வாலு. நெத்திலி!"

அவள் லென்ஸை வாங்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருபது அடிக்குக் குறைந்த எதிலும் எனக்குப் பயிற்சி கிடையாது என்றாலும், அது எனக்கும் தெரிந்தது. வைரத்துக்குள் வெள்ளையாக ஒரு சின்ன உடம்பு. ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் இரண்டாகப் பிளந்து. கல்லைக் கொஞ்சம் அசைத்தால் அது திரும்புகிற மாதிரிகூட இருந்தது.

"இது டிஃபெக்ட், அத்தை" என்றாள் அவள். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

"எது டிஃபெக்ட்டு? நெத்திலியா? ஏன், செவுளு செவப்பா இல்லன்றியா?"

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கவுன்ட்டரில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. கோபப்படுவதில்லை என்று சபதம் எடுத்திருந்த விற்பனைக்காரர் சிரிப்பதில்லை என்று எந்தச் சபதமும் எடுக்கவில்லை போல. அவரும் தட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பக்கத்து கவுன்ட்டரில் கம்மல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், "அதே மாதிரி எங்களுக்கும் காட்டுங்க" என்று கேட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவள் மறுபடியும் லென்ஸில் பார்த்தாள். இந்த முறை வெகுநேரம்.

"எங்க கம்பெனில ஒரு வழி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். "குறை இருக்கும். ஆனா அதால பாகத்தோட பலம் குறையாது, வேலையும் கெடாது. அப்ப டீவியேஷன் போட்டு பாஸ் பண்ணலாம். ஏன் பாஸ் பண்றோம்னு காரணம் மட்டும் சொல்லணும்."

"இன்னா காரணம் சொல்லுவ?" என்றாள் அம்மா.

"மீன்னு சொல்லுவேன்."

அம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். கல் எத்தனை சென்ட் என்று அதற்குப் பிறகு அம்மா கேட்கவே இல்லை. கடையை விட்டு வெளியே வந்த பிறகு நான் கல்யாணப் பெண்ணைத் தனியாகக் கேட்டேன். தினமும் அந்தக் குறையையே பாத்துட்டு இருப்பேன்னு சொன்னீங்களே?

"ஆமா, பாப்பேன்" என்றாள். "பாக்கறதுக்கு ஏதோ ஒண்ணு இருக்குல்ல."

நிச்சயதார்த்தத்தன்று கோயிலில் நான் மோதிரம் போட்டேன். கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் நல்ல காலம், முதல் பெஞ்சுக்கே தெரியவில்லை. ஆனால் அம்மா அதற்கெல்லாம் தயாராக வந்திருந்தாள். ஜெபம் முடிந்து எல்லாரும் பக்கத்து ஹாலுக்கு வந்ததும், மருமகளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "வா வா, வந்து பாரு. வைரத்துல மீனு."

வரிசை நின்றது. காசிமேட்டு மொத்த மார்க்கெட்டும் அங்கே இருந்தது. முதலில் பார்த்தவர் அம்மாவின் பக்கத்துக் கடைக்காரம்மா. லென்ஸை இறக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நெத்திலின்னு எவ சொன்னா? இது காரப்பொடி மீனு."

"காரப்பொடிக்கு எங்க இம்மாம் நீட்டு வாலு?" என்றாள் அம்மா.

விசைப்படகு வைத்திருந்த ஒரு மாமா பார்த்தார். வாலின் பிளவைப் பார்த்தால் கானாங்கத்தைதான், சந்தேகமே இல்லை என்றார். சங்கரா என்று ஒருவர் சொன்னார். அவரை எல்லாரும் சேர்ந்து வரிசையில் இருந்தே தள்ளிவிட்டார்கள். இரண்டு முறை பார்த்தவர்கள் மூன்றாவது முறையும் வந்து நின்றார்கள். ஒற்றைக் கண்ணை மூட வராதவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர்களுக்கு நைனா கண் பொத்திவிட்டார். அன்று மாலை முழுக்க அவர் தூங்கவே இல்லை.

பெண்ணின் அப்பா வந்தார். முறையாகக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையில் வைத்து, லென்ஸில் பார்த்தார்.

"இது சாளைல்லா! எங்க ஊர்ச் சாளை. பாத்தாலே தெரியலயா?"

அதோடு கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அந்த மீன் பிறந்தது பெண் வீட்டுக் கடலிலா மாப்பிள்ளை வீட்டுக் கடலிலா என்று ஆகிவிட்டது. சாளை என்று அவர்கள் சொல்வதும் இங்கே கவலை மீன் என்று சொல்வதும் ஒன்றுதானே என்று யாரோ சமாதானம் பேசப் போய், இல்லவே இல்லை என்று இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைத் திட்டின. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, பிரியாணி ஆறுகிறது, யாராவது வந்து உட்காருங்கள் என்று கத்தினார். பிறகு அவரும் வரிசையில் நின்றார்.

கடைசியாக ஃபாதரைக் கூப்பிட்டார்கள். அவர் சொல்வதை ஏற்றுக்கொள்வது என்று பேச்சு. அவர் குனிந்து பார்த்தார்.

"மீன்னா மீன்தானே" என்றார். "ஆனா, வஞ்சிரமா இருக்கக் கூடாதா?"

வஞ்சிரம் என்றதும் இரண்டு பக்கமும் கொஞ்சம் யோசித்தன. வஞ்சிரம் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் கௌரவம். விலையும் அதிகம். அம்மாவும் சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "குட்டி வஞ்சிரம்" என்றாள் அம்மா. "அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணமும் ஆகி ஒரு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் யார்டில் நான் வேலையில் இருக்கும்போது அந்த நகைக்கடை விற்பனைக்காரர் போன் செய்தார்.

"சார், மன்னிச்சுக்கோங்க. உங்க கோயில் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்காங்க. உள்ள இறால் இருக்கற கல்லுதான் வேணும்ங்கறாங்க. குறையே இல்லாத கல்லைக் காட்டினா, காலியா இருக்கு, வேணாம்ங்கறாங்க. காலையில இருந்து தட்டு தட்டா பாத்துட்டு இருக்காங்க சார்."

என் மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். அவள் சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் அவர்களிடம் வீடியோவில் பேசியிருக்கிறாள். கல்லை விளக்குக்கு எப்படித் திருப்ப வேண்டும், மீசை இருந்தால் எந்தப் பக்கம் தெரியும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்.

"கெடைச்சுதா?"

"இறால் கெடைக்கல" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நண்டு மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ஒரு கால் கம்மி. பரவாயில்ல, எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்."